பனிக்கரடியைப் பார்க்க எந்த மாதம் போகலாம்?

கேள்வி: நானும் என் மனைவியும் பல வருஷமாகப் பணம் சேர்த்து, பனிக்கரடிகளை அவை வாழும் இடத்துக்கே போய்ப் பார்க்கத் திட்டமிட்டிருக்கிறோம். குளிர்காலம் முழுக்க அவை வளைக்குள் தூங்கிவிடும் என்பதால் ஜூலை அல்லது ஆகஸ்டில் போகலாம் என்று எண்ணம். கனடாவின் சர்ச்சிலா, நார்வேயின் ஸ்வால்பார்டா, எது நல்லது? குட்டிகளையும் பார்க்க ஆசை. கிடைக்குமா?

பதில்: டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேட்டீர்களே, நல்லதாகப் போயிற்று. குளிர்காலம் பற்றிய உங்கள் கணக்கு அப்படியே தலைகீழாக இருக்கிறது. பனிக்கரடி வயிறு நிறையச் சாப்பிடுவதே குளிர்காலத்திலும் வசந்தத்திலும்தான். வளைக்குள் போய் மாதக்கணக்கில் அடைந்துகொள்வது கர்ப்பமாக இருக்கும் பெண் கரடி மட்டும். ஆண்கள், குட்டியோடு திரியும் தாய்கள், இளவட்டங்கள் எல்லாம் மைனஸ் 30 டிகிரியிலும், சூரியனே எட்டிப்பார்க்காத மாதங்களிலும் உறைந்த கடல்மேல் நடந்துகொண்டிருக்கும். பழுப்புக் கரடியைப் பற்றிப் படித்ததை இதற்கும் பொருத்திப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. இரண்டும் ஒன்றுக்கொன்று இணைந்து குட்டி போடும் அளவுக்கு நெருங்கிய சொந்தம்தான். பிழைப்புதான் முற்றிலும் வேறு.

இந்தக் கரடிக்கு வருஷம் என்பது கடல் உறையும் நாளில் தொடங்கி உருகும் நாளில் முடிகிறது. அதன் சாப்பாடு சீல் என்ற கடல்நாய். நீந்துகிற சீலை அதனால் துரத்திப் பிடிக்க முடியாது. ஆனால் சீலும் நம்மைப் போல மூச்சு விட்டாக வேண்டிய பிராணி. வளையச் சீல் என்ற வகை தன் முன்துடுப்பு நகங்களால் பனியைச் சுரண்டிச் சுரண்டி, சில மூச்சுத் துளைகளை மூடவிடாமல் வைத்திருக்கும். கரடி அப்படி ஒரு துளையை மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்து, பக்கத்திலேயே படுத்துவிடும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், சில சமயம் இன்னும் அதிகம். காலைக்கூட மாற்றி வைக்காது, பனி அந்தச் சத்தத்தைக் கீழே கடத்திவிடும் என்பதால். துளைக்குள் நீர் லேசாக மேலெழும். அடுத்த நொடி தலையும் முன்காலும் உள்ளே பாயும், சீல் பனிமேல் கிடக்கும். பல முறை ஏமாந்து, எப்போதோ ஒரு முறை கிடைக்கிற வெற்றி அது.

பிடித்ததும் முதலில் தின்பது தோலையும் அதன் அடியில் இருக்கும் கொழுப்பையும்தான். நல்ல வேட்டைக் காலத்தில் இறைச்சியை ஆர்க்டிக் நரிக்கு விட்டுவிட்டுப் போய்விடும். வீணடிக்கிறது என்று தோன்றும், ஆனால் அதில் நல்ல கணக்கு இருக்கிறது. உண்ட கொழுப்பில் ஏறக்குறைய 97 சதவீதத்தை அதன் உடல் எடுத்துக்கொள்கிறது. கொழுப்பு எரியும்போது தண்ணீரும் பிறக்கிறது. இறைச்சியை நிறையத் தின்றால் அதன் கழிவைச் சிறுநீராக வெளியேற்றவே தண்ணீர் வேண்டும். உறைந்த உலகத்தில் அதற்காகப் பனியை விழுங்கி உருக்க வேண்டும், அதற்கும் உடல்சூடு செலவாகும்.

ஏப்ரல், மே மாதங்கள்தான் உச்சம். சீல் குட்டிகள் பனிக்கு அடியில் சின்ன அறைகளில் இருக்கும். பால்குடி மறக்கும் சமயத்தில் அவற்றின் எடையில் பாதி கொழுப்பு. கரடி மோப்பம் பிடித்து, பின்கால்களில் எழுந்து, இரண்டு முன்கால்களாலும் கூரையை உடைத்துக்கொண்டு இறங்கும். 2018ல் வெளியான ஓர் ஆய்வில், வசந்தகாலப் பெண் கரடிகள் நாளொன்றுக்கு 12,000 கலோரிக்கு மேல் செலவழிப்பது தெரியவந்தது. முன்பு நினைத்ததைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். அதனால்தான் அந்தச் சில வாரங்கள் அதற்கு அவ்வளவு முக்கியம்.

சரி, இப்போது உங்கள் ஜூலைக்கு வருவோம். சர்ச்சில் இருப்பது ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில். கோடையில் அந்தக் கடலில் பனி முழுவதும் உருகிவிடும், கரடிகள் கரையேற வேண்டியதுதான். அப்புறம் நவம்பர் வரை கிட்டத்தட்ட பட்டினி. பெர்ரிப் பழம், பறவை முட்டை, ஒதுங்கிய பிணம் என்று எதையாவது கொறிக்கும், அது காணாது. 20 கரடிகளுக்குக் கேமராப் பட்டை கட்டிப் பார்த்த ஆய்வு 2024ல் வெளிவந்தது. சில கரடிகள் சும்மாவே கிடந்தன, சில அலைந்து தின்றன, சில நீந்தித் தேடின. எந்த வழியில் போனாலும் 20ல் 19 எடை இழந்தன, சராசரியாக நாளுக்கு ஒரு கிலோ அளவில்.

ஆகவே ஜூலை, ஆகஸ்டில் சர்ச்சில் போனால் கரடியே இருக்காது என்று சொல்ல மாட்டேன். இருக்கும், அதுவும் அப்போதுதான் கரையேறியதால் கொழுகொழுவென்று இருக்கும். ஆனால் நீண்ட கரையெங்கும் சிதறிக் கிடக்கும். அந்த மாதங்களில் ஆற்று முகத்துக்கு ஆயிரக்கணக்கில் வரும் பெலுகா திமிங்கலங்களும் உங்களுக்கு முக்கியம் என்றால் அப்போது போகலாம். கரடிதான் முக்கியம் என்றால் அக்டோபர் கடைசி வாரத்திலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை. சர்ச்சில் ஆறு கொண்டுவரும் நன்னீர் சீக்கிரம் உறைவதால் அந்தக் கரையோரம்தான் பனி முதலில் கட்டும். அது தெரிந்த மாதிரி கரடிகள் அங்கே வந்து கூடிக் காத்திருக்கும். சர்ச்சிலுக்குச் சாலை கிடையாது. வின்னிபெக்கிலிருந்து விமானத்திலோ ரயிலிலோதான் போக வேண்டும். அங்கே பெரிய சக்கரம் வைத்த உயரமான வண்டியில் கூட்டிப்போவார்கள்.

அங்கே எதைப் பார்ப்பீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏமாற்றம் வேண்டாம். பாதி நேரம் கரடி படுத்தே கிடக்கும், வில்லோ புதரிலோ ஒதுங்கிய கடற்பாசிக் குவியலிலோ. மிச்சமிருக்கும் கொழுப்பைச் செலவழிக்காமல் இருப்பதுதான் அதன் அன்றைய வேலை. சூடும் ஒரு காரணம். பத்து சென்டிமீட்டர் வரை தடிக்கும் கொழுப்பும் இரட்டை அடுக்கு ரோமமும் போர்த்திய உடம்பு கொஞ்சம் ஓடினாலே கொதித்துவிடும். நிறமும் நீங்கள் நினைத்த வெள்ளையாக இருக்காது, பனிமேல் பார்த்தால் வெளிர்மஞ்சளாகத் தெரியும். அந்த முடிக்கு நிறமே இல்லை. உள்ளே குழல் போல வெற்றிடமான, ஒளி ஊடுருவும் இழை அது. வெளிச்சம் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. தோல் கறுப்பு, மூக்கைப் பார்த்தாலே புரியும். முடி கண்ணாடி இழை போலப் புற ஊதாக் கதிரைத் தோலுக்குக் கடத்திச் சூடேற்றுகிறது என்று வழிகாட்டி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அது பொய்த்துப்போன பழைய கதை.

இரண்டு ஆண் கரடிகள் பின்கால்களில் எழுந்து கட்டிப்பிடித்து மல்லுக்கட்டுவதைப் பார்க்கும் அதிர்ஷ்டமும் அமையலாம். நவம்பரில் நடப்பது விளையாட்டுச் சண்டை. ரத்தம் வரும் சண்டை வசந்தத்தில், பெண்ணுக்காக நடப்பது. ஆய்வாளர்கள் கழுத்தில் பட்டை கட்டிய கரடி தென்பட்டால் பெரும்பாலும் அது பெண்தான். ஆணின் கழுத்து தலையைவிடத் தடிமன் என்பதால் பட்டை நழுவி விழுந்துவிடும்.

ஸ்வால்பார்டு வேறு கதை. அங்கே கப்பலில் சுற்ற வேண்டும். கோடையில் கரடிகள் பல பனிவிளிம்போடு வடக்கே நகர்ந்துவிடும், சில தீவுகளிலேயே தங்கும். 2025 ஜனவரி 1 முதல் அங்கே விதி கடுமையாகிவிட்டது: கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர், மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். அதாவது தொலைநோக்கியில் ஒரு வெளிர்மஞ்சள் புள்ளிதான் பெரும்பாலும் கிடைக்கும். என்னைக் கேட்டால் அது மிகச் சரியான விதி. தொந்தரவுக்குப் பயந்து ஒரு தாய்க் கரடி எழுந்து ஓடினால், அந்த ஓட்டத்துக்கான செலவு அவள் கொழுப்பிலிருந்துதான் போகிறது. பனிப்பாறை, வால்ரஸ், நள்ளிரவுச் சூரியன் எல்லாம் சேர்த்து வேண்டுமென்றால் ஸ்வால்பார்டு. கரடியின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சர்ச்சில்.

சர்ச்சிலைச் சொல்லும்போது மனசு கனக்கத்தான் செய்கிறது. மேற்கு ஹட்சன் விரிகுடாக் கரடிகள் 2016 கணக்கெடுப்பில் 842, 2021ல் 618. பனி முன்கூட்டியே உடைவதால், 1980களைவிடச் சுமார் மூன்று வாரம் கூடுதலாகக் கரையில் பட்டினி கிடக்கின்றன. நவம்பரில் இடுப்பெலும்பு துருத்திய கரடியைப் பார்த்தால் நோயாளி என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். நாலைந்து மாதம் சாப்பிடாத உடம்பு அப்படித்தான் இருக்கும். ஆனால் பனி கட்டுவது ஒரு வாரம் தள்ளிப்போவதுகூட அதற்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த இடுப்பைப் பார்த்தால் புரியும்.

கடைசியாகக் குட்டிகள். ஏப்ரல், மேயில் இணை சேர்ந்தாலும் கரு உடனே வளராது. அம்மா எவ்வளவு கொழுப்புச் சேர்த்திருக்கிறாள் என்பதைப் பொறுத்து இலையுதிர் காலத்தில்தான் கருப்பையில் ஒட்டும்; போதவில்லை என்றால் அந்த வருஷம் குட்டி இல்லை. நவம்பர், டிசம்பரில் வளைக்குள் பிறக்கும் குட்டி சுமார் 600 கிராம், கண்கூடத் திறந்திருக்காது. முப்பது சதவீதத்துக்கு மேல் கொழுப்புள்ள பாலைக் குடித்து, வெளியே வரும்போது பத்துக் கிலோ ஆகியிருக்கும். சர்ச்சில் பக்கத்துத் தாய்கள் அதுவரை எட்டு மாதம் சாப்பிடாமல் இருந்து பால் கொடுத்தவர்கள். அந்தப் புதுக் குட்டிகளைப் பார்க்க பிப்ரவரி கடைசி, மார்ச்சில் சர்ச்சிலுக்கு அருகே உள்ள வபுஸ்க் தேசியப் பூங்கா ஓரம் போக வேண்டும். கடும் குளிரில் நாள் முழுக்க ஒரு வளைவாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும் பயணம் அது, செலவும் அதிகம். முதல் தடவைக்கு அது வேண்டாம் என்பேன்.

நவம்பரிலேயே குட்டிகள் கிடைக்கும். அப்போது அம்மாவின் பின்னங்காலை ஒட்டி நடந்துவரும் குட்டிக்கு வயது பதினொரு மாதம். அது வளையிலிருந்து வெளியே வந்த மார்ச்சில் கடல் ஏற்கெனவே உறைந்திருந்தது. தண்ணீர் பனியாக மாறுவதை அது அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கும்.