அதிகாலைக் காட்சி பார்த்தவர் எப்போது கதை பேசலாம்?

படம் வந்த முதல் ஞாயிறு முடியும்வரை கதையைத் திறந்து எழுதாதீர்கள். "நல்லா இருக்கு, போய்ப் பாருங்க" என்பதை உடனே சொல்லலாம், தப்பில்லை.

பாலக்காட்டில் அதிகாலைக் காட்சி பார்த்துவிட்டு டெலிகிராம் குழுவில் எழுதினால் பொள்ளாச்சி நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள் என்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் நேரம்தான். 2023 அக்டோபரில் 'லியோ' கேரளத்தில் காலை 4 மணிக்கே ஓடியது. தமிழ்நாட்டில் 9 மணிக்குத்தான் அனுமதி. நீங்கள் வீடு திரும்பும்போது அவர்கள் தியேட்டருக்கே கிளம்பியிருக்க மாட்டார்கள். ஆசையாகக் காத்திருப்பவர், போனை எடுத்ததும் யார் சாகிறார் என்று படித்தால் மனசு வலிக்காதா? அந்தக் கோபம் நியாயமானது.

எழுதியே ஆக வேண்டுமா? சரி, முதல் வரியில் படத்தின் பெயர் மட்டும். அப்புறம் கதைப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, எழுத்தை மறைக்கும் டெலிகிராம் வசதியான 'ஸ்பாய்லர்' கொடுங்கள். தொட்டால்தான் தெரியும், நோட்டிஃபிகேஷனிலும் மறைந்திருக்கும். முதலில் உங்களுக்கு மட்டும் தெரியும் 'சேவ்டு மெசேஜஸ்' பகுதியில் போட்டுப் பாருங்கள். புகைப்படம் என்றால் அதைத் தனியாக மறைக்க வேண்டும்.

ஒன்று கவனம்: "கடைசியில் வர்றவரைப் பாத்து தியேட்டரே அதிர்ந்தது" என்று எழுதினாலும் கதையைச் சொன்னதாகத்தான் ஆகும். பெயர் சொல்லாவிட்டாலும், படம் முழுக்க அவர்கள் அந்த ஆளுக்காகவே காத்திருப்பார்கள்.