பழைய எஸ்யூவியை கார் வாங்கும் கம்பெனிக்கே நேராகக் கொடுக்கலாமா?

உங்களுடையது 2017 மாடல் டீசல் எஸ்யூவி, ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியது, நீங்கள் இருப்பது ஈரோட்டில். ஆன்லைனில் கார் வாங்கும் கம்பெனிக்குக் கொடுப்பதா, ஊரில் பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங்குக்கா, தெரிந்தவருக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். கம்பெனிக்குக் கொடுக்கலாம். போன கார்த்திகையில் எங்கள் ஸ்கார்ப்பியோவை அப்படித்தான் கொடுத்தோம். ஆனால் விலை அதிகம் கிடைக்கும் என்று போகாதீர்கள். பேர் மாற்றம் ஒழுங்காக நடக்கும் என்றால் மட்டும் போங்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எங்கள் வீட்டிலேயே ஒரு காரணம் இருக்கிறது.

எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, சில வருஷங்களுக்கு முன் தன் பொலேரோவைப் பக்கத்து ஊர்க்காரருக்கு விற்றார். தெரிந்தவர்தான், விசேஷங்களில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர். பத்திரத்தில் நாலு வரி எழுதி, பேர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் தேதி போடாமல் கையெழுத்துப் போட்டு, ஆர்சி புக்கையும் கொடுத்துவிட்டார். வாங்கியவர் பேர் மாற்றவில்லை. இன்சூரன்ஸையும் புதுப்பிக்கவில்லை. பவானி போகிற வழியில் அந்த வண்டி ஒரு பைக்காரரை இடித்துவிட்டது. சம்மன் வந்தது மாமா வீட்டுக்கு. மஞ்சள் வெட்டும் நேரத்தில், தோட்டத்தில் ஆளை விட்டுவிட்டு அவர் கோர்ட்டுக்கு அலைந்ததை நான் கூடவே போய்ப் பார்த்தவன்.

வக்கீல் எங்களுக்கு விளக்கிய தீர்ப்பு 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது, நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கு. வண்டி பல கை மாறியிருந்தாலும், விபத்து நடந்த அன்று ஆர்சியில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையது. மோட்டார் வாகனச் சட்டம் 50வது பிரிவின்படி விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். நம் ஊரில் இந்த இரண்டையும் வாங்குகிறவர் தலையில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம்.

கம்பெனிக்குக் கொடுப்பதில் எனக்குப் பெரிய ஆறுதலாகத் தெரிந்தது 2023 ஏப்ரல் 1 முதல் வந்த விதிதான். பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும். நாம் வண்டியை ஒப்படைக்கும்போது ஃபார்ம் 29சி மூலம் அதை ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். பதிவானதும், அடுத்த ஆள் பேருக்கு மாறும்வரை அந்த டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். இடையில் வண்டியால் எது நடந்தாலும் பொறுப்பு அவருக்கு. அதனால் கோயம்புத்தூரில் இரண்டு கம்பெனிகளுக்குப் போன் செய்தபோது விலையைக் கேட்கும் முன் நான் கேட்டது, “உங்களிடம் அங்கீகாரச் சான்று இருக்கிறதா, 29சி போட்டுக் கொடுப்பீர்களா?” ஒரு இடத்தில் பேச்சை மாற்றினார்கள். இன்னொரு இடத்தில் சான்றின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அங்கேதான் கொடுத்தோம்.

சரி, விலைக்கு வருகிறேன். வண்டி எண்ணைப் போட்டதும் ஏழு லட்சத்து நாற்பதிலிருந்து எட்டு லட்சத்து பத்து வரை என்று காட்டியது. அதை விலை என்று நம்பி வீட்டில் கணக்குப் போடாதீர்கள். அது நம்மைக் கிளை வரைக்கும் வரவழைக்கிற எண், அவ்வளவுதான். ஆள் வந்து வண்டியைப் பார்த்த பிறகு, பல ஊர் டீலர்கள் ஆன்லைனில் ஏலம் கேட்பார்கள். எங்களுக்கு ஏலம் ஆறு லட்சத்து அறுபத்தைந்தில் நின்றது. கோபியில் கன்சல்டிங்காரர் சொன்னது ஆறு நாற்பது.

அப்பாவுக்கு ஏலம் புரிய வைப்பது கஷ்டமாக இருந்தது. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேரம் பேசிப் பழகியவர். “கேக்கறவன் மூஞ்சியே தெரியாம எப்புடிடா வெல சொல்றது?” என்றார். ஆனால் அந்தச் சந்தைப் புத்திதான் எங்களுக்கு உதவியது. மாட்டை நடக்க விட்டுப் பார்க்காமல், பல்லைப் பிடித்துப் பார்க்காமல் அவர் விலை சொல்லவே மாட்டார். அதே மாதிரி, அவர்கள் பார்க்கும் முன்னால் நம் வண்டியை நாமே பார்த்துவிட வேண்டும் என்றார். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து ஒரு நாள் முழுக்கப் பார்த்தோம். கிளட்ச் நன்றாக இருந்தது. முன்பக்க ஷாக் அப்சார்பர் ஒன்றில் லேசாக எண்ணெய் கசிவு. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்குமே, முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். அதுதான் டயருக்குப் பல். எங்களுடையதில் இரண்டு 2019, இரண்டு 2022. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டோம்.

அவினாசி ரோட்டில் உள்ள கிளையில் வண்டியைப் பார்க்க வந்தவர் சத்தியமங்கலம் பக்கத்துப் பையன். கையில் செல்போன் அளவுக்கு ஒரு கருவி. அதைக் கதவு, பானட், ரூஃப் என்று வரிசையாக ஒட்டி எடுத்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு ‘டிக்’. பெயின்ட் எத்தனை மைக்ரான் கனம் என்று காட்டுகிற கருவி அது. எல்லா இடத்திலும் நூறை ஒட்டியே வந்தது. பின்பக்க இடது கதவில் முந்நூற்றைத் தாண்டியது.

“ஏனுங்கய்யா, இந்தக் கதவு வேல பாத்ததுங்களா?” என்று அப்பாவைக் கேட்டான்.

“ஆமாந் தம்பி. தேங்கா ஏத்தறப்போ ரிவர்ஸ்ல மரத்துல ஒரசிருச்சு. கதவோட சரி, பில்லருக்குப் போகல. ரப்பர எடுத்துப் பாருங்க” என்றார் அப்பா. பில்லர் என்பது கதவு வந்து மூடுகிற தூண். அவரே கதவைத் திறந்து ரப்பரை இழுத்துக் காட்டினார். வண்டி செய்த கம்பெனியிலேயே போட்ட ஸ்பாட் வெல்டிங் பொட்டுகள் வரிசை கலையாமல் அப்படியே இருந்தன. பையன் போட்டோ எடுத்து, ‘கதவு மட்டும் ரீபெயின்ட், அடிப்பகுதி சேதம் இல்லை’ என்று குறித்துக்கொண்டான். நாங்கள் மறைத்திருந்தால் அந்த ஒரு எண்ணை வைத்தே ‘விபத்து வண்டி’ என்று ஏலத்தில் அடித்துப் போட்டிருப்பார்கள். எங்கள் தாளில் இருந்த ஷாக் அப்சார்பரையும் டயரையும் நாங்களே சொல்லிவிட்டதால், பிறகு அதைக் காட்டி விலை குறைக்க இடமில்லாமல் போயிற்று. ஏலம் முடிந்த பிறகு அந்தத் தாளையும் சர்வீஸ் பில்களையும் வைத்துப் பேசித்தான் ஆறு லட்சத்து தொண்ணூறுக்கு வந்தது. தனி ஆளுக்கு விற்றிருந்தால் இன்னும் கொஞ்சம் கிடைத்திருக்கும், அதை மறுக்க மாட்டேன்.

பேரத்தில் இரண்டு வாதங்கள் வரும், தயாராக இருங்கள். “டீசல் வண்டி, பத்து வருஷம் ஆகப் போகுதுங்க” என்பார்கள். அந்தப் பத்து வருஷக் கெடு டெல்லிக்கும் அதைச் சுற்றிய தலைநகர்ப் பகுதிக்கும் போட்டது. இங்கே சொந்த உபயோக வண்டிக்கு ஆர்சி 15 வருஷம். அப்புறம் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி ஐந்தைந்து வருஷமாக நீட்டிக்கலாம். அந்த வாதத்தை ஏற்காதீர்கள். இன்னொன்று, புது வண்டி விலை இறங்கிவிட்டது என்பது. இது உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்யூவிகளுக்கு செஸ்ஸும் சேர்த்து 50 சதவீதமாக இருந்த வரி 40 சதவீதம் ஆனது. புதுசு இறங்கினால் பழசும் இறங்கும்; இதில் முரண்டு பிடித்துப் பயனில்லை.

எங்களை இழுத்தடித்தது எச்பி, அதாவது கடன் கொடுத்த பேங்கின் உரிமை ஆர்சியில் பதிவாகியிருப்பது. கடன் 2020லேயே முடிந்துவிட்டது, ஆனால் ஆர்சியில் பேங்க் பேர் அப்படியே இருந்தது. பேங்க் அப்போதே கொடுத்த என்ஓசி, அதாவது எச்பி நீக்க ஆட்சேபம் இல்லை என்ற கடிதம், பீரோவில் பத்திரமாக இருந்தது, காலாவதியாகியிருந்தது. மறுபடி எழுதிக் கொடுத்து, புது என்ஓசி வாங்கி, ஃபார்ம் 35 போட்டு ஆர்டிஓவில் எச்பி நீக்கி வர மூன்று வாரம் ஆயிற்று. அப்பாவின் ஆதாரில் இருந்தது பழைய செல் நம்பர். ஓடிபி வராமல் அதற்கு ஒரு தனி அலைச்சல். “என்ஓசி அப்புறம் தாங்க, அதுவரை கொஞ்சம் பணம் பிடித்து வைத்துக்கொள்கிறோம்” என்று கம்பெனியில் சொன்னார்கள். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பேப்பர் முடித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்துப் போனோம்.

ஒப்படைத்த அன்று முழுப் பணமும் அப்பா கணக்கில் ஏறிய பிறகே சாவி கொடுத்தோம். யாராவது ரொக்கமாகத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வருமான வரிச் சட்டப்படி இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பணத்தைப் பெற்றவருக்கு அதே அளவு தொகை அபராதம். மற்றபடி சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்ற பணத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. தொழில் கணக்கில் தேய்மானம் காட்டியிருந்தால்தான் ஆடிட்டரைக் கேட்க வேண்டும். ஒப்படைப்புச் சீட்டில் தேதி, மணி, கிலோமீட்டர் மூன்றையும் எழுதி, சீல் வைத்து வாங்கினோம். ஆதார் நகலின் குறுக்கே ‘இந்த வண்டி விற்பனைக்கு மட்டும்’ என்று வண்டி எண்ணோடு எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

அப்பா டேஷ்போர்டில் இருந்த பிள்ளையாரை எடுத்து வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார். கொடுமுடிக்கும் பழனிக்கும் போய்வந்த திருநீறு அந்தப் பள்ளத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் வெளியே போய் நின்றார். கண் டாக்டர் இனி ஓட்டக் கூடாது என்று சொன்னதால் விற்ற வண்டி அது.

ஃபாஸ்டேகை அன்றைக்கே மூட நான் மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் வைகுந்தம் டோலில் பணம் எடுத்ததாக மெசேஜ் வந்தது. உடனே பேங்குக்குப் போன் செய்து மூடினேன். நீங்கள் சாவி கொடுக்கும் முன்பே கண்ணாடியிலிருந்து உரித்து, கணக்கையும் மூடிவிடுங்கள். இன்சூரன்ஸில் கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி, நோ கிளெய்ம் போனஸ், வண்டிக்கு இல்லை, உங்களுக்கு உரியது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுதி வாங்கிக்கொண்டால் மூன்று வருஷத்துக்குள் உங்கள் பேரில் வாங்கும் அடுத்த வண்டிக்கு அது சேரும். அப்பாவுக்கு 50 சதவீதம் இருந்தது. அவர் பேரிலேயே வாங்கிய சின்ன வண்டிக்கு, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் பாதி அதனால் குறைந்தது. இதை எந்தக் கம்பெனிக்காரரும் தானாக நமக்குச் சொல்லவில்லை.

29சி பதிவான ரசீதை வாங்கி வைத்திருந்தாலும், எம்பரிவாகன் ஆப்பில் நாலு நாளைக்கு ஒரு தடவை வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்து வாரம் கழித்து உரிமையாளர் பேர் மாறியிருந்தது. மாமாவுக்குத்தான் முதலில் போன் செய்து சொன்னேன்.

உங்கள் ஆர்சியை இப்போதே எடுத்து எச்பி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விலை கேட்பதை அடுத்த மாதம் வைத்துக்கொண்டு, முதலில் பேங்குக்குப் போங்கள்.