நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சோளன் தோட்டத்தில் வழி தேடும் விளையாட்டு அமைக்க முடியுமா?

வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள், அங்கு பண்ணைகளில் சோளன் பயிருக்குள் வழி தேடி விளையாடியதைச் சொல்லி, அதுபோல் யாழ்ப்பாணத்தில் இல்லையா என்று கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லூர்த் திருவிழாவை ஒட்டித்தான் அவர்கள் வருவார்கள் என எண்ணிக்கொண்டு பதில் தருகிறேன். முடியும். நீர்வேலியில் எங்கள் தோட்டத்தில் செய்தோம்.

இன்றைய வடிவிலான இந்த விளையாட்டு 1993 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் தொடங்கியது. அங்கு பயிரைக் குறுக்கும் நெடுக்குமாக இருமுறை விதைப்பார்கள். அதனால் வரிசைகளின் ஊடே மறுபக்கம் தெரியாது. அண்ணாவின் பிள்ளைகள் வருவதற்கு முன் நான்கு பரப்பில், அதாவது கால் ஏக்கரில், அப்பாவும் நானும் அப்படியே விதைத்தோம். வெங்காயமும் வாழையும் செய்து பழகிய அப்பா, முளைத்த பயிரைப் பாதைக்காக அழிக்க முதலில் சம்மதிக்கவில்லை. எடுப்பது மாட்டுக்குத் தீனியாகும் என்ற பிறகே இறங்கி வந்தார். பயிர் முழங்கால் உயரம் வருமுன் பாதையில் நிற்பவற்றை மண்வெட்டியால் வேரோடு எடுத்துவிட வேண்டும். ஐந்தாறு இலை வரும்வரை வளரும் நுனி மண்ணுக்குள் இருப்பதால், மேலே வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். முற்றிய பின் வெட்டினாலோ கூரான அடிக்கட்டைகள் பிள்ளைகளின் காலைக் குத்தும்.

நடுவில் இளநீர் வைத்த இடத்தைச் சுற்றியிருந்த பயிர், வெளிப்பக்கப் பயிரோடு எங்கும் தொடாதபடி அப்பா பாதை வகுத்திருந்தார். பெரியவர்கள் யாரும் வழி சொல்லக்கூடாது என்பது எங்கள் ஒரே நிபந்தனை. அண்ணாவின் மூத்த மகள், கனடாவில் பழகியபடி, வலக்கையால் பயிரைத் தொட்டுக்கொண்டே நடந்து பார்த்தாள். நடுப்பகுதி தனித்து நின்றதால் அந்த முறை அவளைத் திரும்பவும் வாசலிலேயே கொண்டுவந்து விட்டது. சிறிது நேரம் நின்று யோசித்தவள், "அப்பப்பா, இதுக்கெல்லாம் தண்ணி எங்கால வருது?" என்று கேட்டாள். அப்பா கிணற்றடியைக் காட்டினார். அவள் அங்கிருந்து வரும் வாய்க்காலைப் பிடித்து, அது பாதைகளைக் கடக்கும் இடங்களைப் பார்த்துப் பார்த்து, தம்பிமாரையும் கூட்டிக்கொண்டு நடுவுக்குப் போய்ச் சேர்ந்தாள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பேத்தி கேட்டதை அப்பா இன்றும் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்கிறார். எனக்கும் அதில் பெருமைதான்.

செம்மண்ணை விளையாட்டுக்கு வீணாக்குவதாகச் சிலர் இங்கும் எழுதக்கூடும், அயலிலும் சொன்னார்கள். பாதை போக மீதிப் பயிரில் பொத்தி முறித்தோம், தட்டை மாட்டுக்குப் போயிற்று. எங்களை ஒட்டிய தோட்டக் காணியில் சீமெந்து கொட்டி மண்டபம் எழுப்பியபோது வீண் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதை நான் இன்னும் மறக்கவில்லை.

திருவிழாக் காலத்தில் சோழகக் காற்று பலமாக வீசும் என்பதால், தென்மேற்குப் பக்கம் நல்ல வேலியோ வாழை வரிசையோ உள்ள இடமாகப் பாருங்கள். 2018 இல் இலங்கைக்கு வந்த படைப்புழு இன்னும் போகவில்லை. குருத்தில் ஓட்டையும் மரத்தூள் போன்ற எச்சமும் கண்டால் கையால் பிடித்து அழியுங்கள், மருந்து அடித்த பயிருக்குள் பிள்ளைகளை விடாதீர்கள். சோளன் இலை தோலைக் கீறும், ஆகவே முழுக்கைச் சட்டை போடச் சொல்லுங்கள். வைகாசியில் விதைத்துக் கிணற்று நீர் பாய்ச்சினால் திருவிழாக் காலத்தில் பயிர் தலைக்கு மேல் நிற்கும். தோட்டக் கிணற்றுக்கு உயரமான கட்டு இல்லையென்றால், விதை வாங்குவதற்கு முன் அதைக் கட்டி முடியுங்கள்.