பந்திக்கு வாக்கி டாக்கி: லைசென்ஸ் வேண்டுமா?

கேள்வி: கல்யாண சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறேன். சமையல்கட்டும் பந்தியும் பேசிக்கொள்ள ஆன்லைனில் 3,200 ரூபாய்க்கு இரண்டு வாக்கி டாக்கி வாங்கினேன். பெட்டியில் 136–174, 400–520 மெகாஹெர்ட்ஸ், 5 வாட் என்று போட்டிருக்கிறது. பில் தவிர வேறு காகிதம் இல்லை. "லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே கேஸ்" என்கிறார் மண்டப மேனேஜர். உண்மையா?
– ஈரோடு வாசகர்

பதில்: மேனேஜர் சொன்னது சரிதான். நீங்கள் அதில் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க வேண்டாம். அனுமதியில்லாமல் கையில் வைத்திருப்பதே தவறு. 1933ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டத்தில் இதற்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவி வைத்திருக்க அனுமதியோ விலக்கோ வேண்டும் என்றே சொல்கிறது.

அந்த விலக்கு 2018ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த திறனில் மட்டும் இயங்கும் செட்டுக்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனால் அந்த மாடலுக்கு மத்திய அரசில் ரேடியோ அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் ஈ.டி.ஏ. (கருவி வகை ஒப்புதல்) சான்றிதழ் இருக்க வேண்டும். வாங்கும் முன் கடைக்காரரிடம் அதன் நகலைக் கேளுங்கள். அதிலுள்ள மாடல் எண்ணும் செட்டில் உள்ளதும் ஒன்றாக இருக்கட்டும்.

"இதையே 446-க்கு மாற்றி வைத்துக்கொண்டால்?" என்று அடுத்து கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். கூடாது. விலக்கு அலைவரிசைக்கு மட்டுமல்ல, கருவிக்கும் சேர்த்துத்தான். உங்கள் செட் 5 வாட்டில், போலீஸ் உட்பட மற்றவர்களின் அலைவரிசைகளிலும் பேசக்கூடியது. பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்களுக்கான ஹாம் லைசென்ஸ் எடுத்தாலும் உதவாது. அதை வியாபாரத்துக்குப் பயன்படுத்த முடியாது. பல கிலோமீட்டர் பேச வேண்டிய நிறுவனங்கள் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டித் தனி லைசென்ஸ் வாங்குகின்றன. சாம்பார் வாளி எங்கே என்று கேட்க அவ்வளவு எதற்கு? ஒரே மண்டபத்துக்குள் 446 செட்டே போதும். '10 கிலோமீட்டர்' விளம்பரமெல்லாம் வெட்டவெளிக் கணக்கு. எடுக்கும்போது பேட்டரி தனியாகக் கிடைக்கிறதா, இயர்போன் மாட்ட முடியுமா என்று பாருங்கள். அண்டா சத்தத்தில் ஸ்பீக்கர் கேட்காது.

வாங்கியதை இனி ஆன் செய்ய வேண்டாம், வேறு யாருக்கும் விற்கவும் வேண்டாம். எந்த அலைவரிசை, லைசென்ஸ் தேவையா என்பதை விற்பனைப் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடு சேர்த்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் புகார் செய்யுங்கள்.