தம்பிக்குக் காய்ச்சிய கஷாயம்

கேள்வி: எனக்கு 41 வயது, 78 கிலோ. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, பிபி மாத்திரை சாப்பிடுகிறேன். தோழியின் தம்பி கொரியாவில் வேலை பார்க்கிறார். அங்கே வைத்தியர் அவருக்குக் கொடுத்த மூலிகைக் கஷாயத்தில் எட்டு கிலோ குறைந்தாராம். மீந்த 30 பாக்கெட்டை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். பத்து நாளாகக் குடிக்கிறேன். பசியே இல்லை, ஆனால் ராத்திரி தூக்கமும் இல்லை, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. இயற்கை மருந்துதானே, தொடரலாமா?

பதில்: இன்றைக்கே நிறுத்திவிடுங்கள் அம்மணி. நிறுத்த வேண்டியது கஷாயத்தை, பிபி மாத்திரையை அல்ல. மீதிப் பாக்கெட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் நாளை வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கொரிய வைத்தியத்தைக் குறை சொல்லவில்லை. அங்கே ஆறு வருடம் படித்து உரிமம் வாங்கியவர்கள்தான் நாடி பார்த்து மருந்து கொடுக்கிறார்கள். நம் சித்தவைத்தியர் வாதம், பித்தம், கபம் பார்க்கிற மாதிரி, லீ ஜேமா என்ற கொரிய வைத்தியர் 1894-ல் மனித உடம்பை நான்கு வகையாகப் பிரித்து எழுதி வைத்தார். அதில் சுலபமாகச் சதை போடுகிற வகைக்கு ஒரு கஷாயம் உண்டு: முள்ளங்கி விதை, காய்ந்த செஸ்ட்நட், நம் வசம்புக்குச் சொந்தக்காரச் செடி ஒன்று, கூடவே மாஹ்வாங் என்கிற மூலிகை. வில்லங்கம் இந்தக் கடைசிச் சரக்கில்தான். அதில் எபெட்ரின் இருக்கிறது; அது பசியை அடக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், நாடித்துடிப்பையும் பிபியையும் ஏற்றும். எபெட்ரின் வகைச் சத்து கலந்த டயட் மாத்திரைகளை அமெரிக்கா 2004-லேயே தடை செய்துவிட்டது. உங்கள் பாக்கெட்டில் என்ன இருக்கிறதென்று இங்கிருந்து நான் எப்படிச் சொல்ல? ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் தொந்தரவு எல்லாம் அந்தப் பக்கம்தான் கை காட்டுகிறது. பிபி இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அந்த வைத்தியரே உங்களுக்கு இதைக் கொடுக்க யோசித்திருப்பார்.

சரி, எடைக்கு என்ன வழி? கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம் ஊரில் சொல்வதுண்டு. கொள்ளுப் பருப்பு கடைந்து சாப்பிடுங்கள், நல்லதுதான், ஆனால் அதை நெய்யோடு ரெண்டு தட்டுச் சோற்றில் பிசைந்தால் கொள்ளு என்ன செய்யும், பாவம்! சாயங்கால டீயோடு வர்க்கி எத்தனை, ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். தைராய்டு, சர்க்கரை டெஸ்ட்டும் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், எட்டு கிலோ குறைத்த மருந்தில் 30 பாக்கெட் எப்படி மீந்தது? அந்தத் தம்பி ஏன் பாதியில் நிறுத்தினார் என்று தோழியிடம் கேட்டீர்களா?