நூறு லிட்டர் கடலில் யார் யாரோடு? – கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியின் வெவ்வேறு வடிவங்கள்தாம்: சிறிய கடல்நீர்த் தொட்டியில் எதை எதோடு சேர்க்கலாம்? கப்பியும் மோலியும் வளர்த்துப் பழகியவர்கள், அதே பழக்கத்தில் கடல்நீர்த் தொட்டியையும் நிரப்பப் பார்க்கிறார்கள். நன்னீரில் கூட்டம் மிகுந்தால் முதலில் நீர் கெடும். கடல்நீர்த் தொட்டியிலோ நீர் கெடுவதற்கு முன்பே இடச்சண்டையில் ஒரு மீன் செத்திருக்கும்.

இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி வாங்கியிருக்கிறேன். ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு ப்ளூ டேங், ஐந்து டாம்சல், ஒரு மாண்டரின் ஆகியவற்றை ஒன்றாகவே விடலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். விடலாமா? – கும்பகோணம் வாசகர்

உங்கள் தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 127 லிட்டர். மணலும் பாறையும் இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு அதில் நிற்கும் நீர் 100 லிட்டர் அளவுதான். அந்த நீருக்கு இப்பட்டியலில் பொருந்துவது கோமாளி ஜோடி மட்டுமே. ப்ளூ டேங் இன்று கட்டைவிரல் நீளம் இருக்கலாம். வளர்ந்தால் 30 செ.மீ. வரை போகும் அந்த மீன் பகல் முழுவதும் நீந்தி மேய்வது, ஆகவே இரண்டடித் தொட்டி அதற்கு வெகு சீக்கிரம் போதாமல் போகும். மாண்டரின் யாரையும் சீண்டாத சாது. அதன் சிக்கல் வயிறு. பாறைமீது ஊரும் கோப்பிபாட் என்னும் மிகச் சிறிய உயிரினங்களை ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்று வாழும் அம்மீன், உங்கள் தொட்டியிலுள்ளவற்றைச் சில வாரங்களில் தீர்த்துவிட்டு, போடும் உலர் தீவனத்தைப் பெரும்பாலும் திரும்பியும் பாராமல் மெல்ல மெலிந்து சாகும்.

டாம்சலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விலை குறைவு, எளிதில் சாகாது என்பதால், புதிய தொட்டியைப் பழக்குவதற்கு, அதாவது மீன்கழிவை முறிக்கும் பாக்டீரியாவை அதில் வளர்ப்பதற்கு, முதலில் டாம்சலை விடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. முதலில் நுழைந்த டாம்சல் தொட்டி முழுவதையும் தன் பட்டா நிலமாகக் கருதும். பின்னால் வருபவை எல்லாம் அதற்கு ஆக்கிரமிப்பாளர்கள். பிறகு அதைப் பிடித்து வெளியேற்றுவதற்குப் பாறைகள் அனைத்தையும் கலைக்க நேரும். மீனே இல்லாமல், சிறிதளவு அமோனியா சேர்த்து, நான்கு முதல் ஆறு வாரங்கள் பொறுத்திருங்கள். சேர்த்த அமோனியாவும் அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டும் ஒரு நாளுக்குள் பூஜ்ஜியத்துக்கு இறங்கும் நிலை வந்த பிறகுதான் உயிர்களை விட வேண்டும்.

உங்கள் அளவுக்கு நான் சொல்லக்கூடிய சேர்க்கை இது: ஒரு மஞ்சள் உளுவையும் அதனோடு ஒரு பிஸ்டல் இறாலும், ஒரு ஃபயர்ஃபிஷ், ஒரு ஜோடி கோமாளி. நம் முகத்துவாரங்களில் சேற்றில் துள்ளும் உளுவைக்கு இந்த மஞ்சள் உளுவை தூரத்து உறவுதான். பிஸ்டல் இறாலுக்குப் பார்வை மிகக் குறைவு. அது மணலில் வளை தோண்டிக்கொண்டே இருக்க, உளுவை வாசலில் காவல் நிற்கும். மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் மீசை ஒன்றை உளுவையின் மேல் வைத்திருக்கும். ஆபத்து தெரிந்தால் உளுவை வாலை ஒருமுறை படபடவென்று அடிக்கும், இரண்டும் வளைக்குள் மறைந்துவிடும். இந்தக் காட்சி ஒன்றுக்காகவே கடல்நீர்த் தொட்டி வைக்கலாம் என்பது என் கட்சி. வளை தோண்டும்போது சரியாமலிருக்க, பாறையை மணலின் மேல் வைக்காமல் கண்ணாடித் தரையிலேயே அமர்த்திவிட்டுப் பிறகு மணல் பரப்புங்கள்.

விடும் வரிசையும் முக்கியமானது. அடங்கியவை முன்னால், அடாவடிக்காரர்கள் பின்னால். உளுவையும் இறாலும் முதலில், மூன்று வாரம் கழித்து ஃபயர்ஃபிஷ், கடைசியாகக் கோமாளி ஜோடி. ஃபயர்ஃபிஷ் மிரண்டால் தொட்டிக்கு வெளியே குதித்துவிடும். கொசுவலையைச் சட்டமடித்து மேலே மூடிவிடுங்கள்.

இரண்டு கோமாளி மீன்கள் வாங்கினேன். இரண்டும் ஒரே அளவு. ஒன்று மற்றொன்றை மூலையில் அடைத்துவிடுகிறது. அனிமோன் வாங்கிவிட்டால் சண்டை ஓயுமா? – மயிலாடுதுறை வாசகி

ஓயாது. கோமாளி மீன்கள் அனைத்தும் ஆணாகவே வளரத் தொடங்குகின்றன. கூட்டத்தில் வலிமை மிக்கது பெண்ணாக மாறும். பெண்ணானது மீண்டும் ஆணாவதில்லை. நீங்கள் வாங்கிய இரண்டும் வளர்ந்த பெண்களாக இருந்தால் சமாதானம் நடக்காது. ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எஞ்சியதைவிடத் தெளிவாகச் சிறிய குஞ்சு ஒன்றை வாங்குங்கள். சிறியது பெரியதன் முன்னால் பக்கவாட்டில் சாய்ந்து உடலை நடுங்கச் செய்தால், அது பணிந்துவிட்டது என்று பொருள், ஜோடி சேர்ந்துவிடும்.

பாடநூல்களில் கடற்சாமந்தி என்று படித்திருப்பீர்களே, அந்த அனிமோன் புதுத் தொட்டிக்கு ஏற்றதன்று. பிடிக்காத இடத்தில் அது நிற்காமல் நகரும். இரவோடு இரவாக அலைமோட்டாருக்குள் சிக்கி அரைபட்டால், காலையில் அந்த நீரிலுள்ள மற்றவையும் மாண்டு கிடக்கும். ஆறு மாதமாவது ஓடி நிலைபெற்ற தொட்டியில்தான் அதை யோசிக்க வேண்டும். பண்ணையில் பிறந்த கோமாளி மீனுக்கு அனிமோன் இல்லாமலே வாழத் தெரியும். கோமாளி மீன் இனப்பெருக்கத்தைப் பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையமும் செய்து காட்டியுள்ளன. எனவே கடலில் பிடித்ததை விட்டுவிட்டுப் பண்ணைக் குஞ்சையே கேட்டு வாங்குங்கள்.

தரங்கம்பாடிக் கரையில் என் மகன் வரிவரியான சிறிய மீன்கள் நான்கைப் பிடித்து வந்தான். அவற்றையும், கரையில் ஒதுங்கிய பவளக் கல்லையும் தொட்டியில் வைக்கலாமா? – பொறையாறு வாசகர்

முதுகில் வில்போல வளைந்த கரும்பட்டைகள் இருந்தால் அது கீச்சான். வேண்டவே வேண்டாம். குட்டியாக இருக்கும்போதே மற்ற மீன்களின் செதிலைக் கொத்தித் தின்னும் வழக்கம் அதற்கு உண்டு. கோமாளியும் உளுவையும் ஒரு வாரத்தில் கிழிந்த துடுப்போடு நிற்கும். பிடித்த இடத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.

பவளக் கல்லை எடுப்பதும் வைத்திருப்பதும் சட்டப்படி குற்றமாகலாம். பாறை கட்டும் பவளங்கள், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளன. காய்ந்த கல்தானே என்ற சமாதானம் செல்லாது. செராமிக்கில் வார்த்த பாறைகள் கிடைக்கின்றன. ஆறு மாதத்தில் அவற்றின் மேல் ஊதாப் பாசி படர்ந்து வேற்றுமையே தெரியாது. கடல்நீர் எடுப்பதானாலும் ஐப்பசி, கார்த்திகையில் எடுக்காதீர்கள். அப்போது ஆற்றுவெள்ளமும் வண்டலும் கலந்து உப்பு குறைந்திருக்கும். நமக்கு வேண்டியது ஆயிரத்தில் 35 பங்கு உப்பு.

இறால் பண்ணையில் வேலை செய்கிறேன். என் கோமாளி மீனின் மேல் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. எங்கள் குளத்து இறால்களுக்கு வரும் வைட் ஸ்பாட் நோய் தொற்றிக்கொண்டதா? மருந்து ஊற்றினால் உடனிருக்கும் இறாலுக்கு ஆகுமா? – திருத்துறைப்பூண்டி வாசகர்

இரண்டும் வேறு வேறு. உங்கள் குளத்தில் வருவது வைரஸ். அது இறால், நண்டு இனங்களைத் தாக்கும், மீனைத் தாக்காது. மீனின் மேல் உப்புத் தூவியதுபோலத் தெரிவது ஓர் ஒட்டுண்ணி. அது இறாலைத் தாக்காது. அதற்குரிய மருந்தில் தாமிரம் இருக்கிறது. தாமிரம் இறால், நத்தை, பவளம் எல்லாவற்றையும் கொல்லும் என்பதோடு, கல்லிலும் மணலிலும் ஊறிக்கொண்டு பல மாதங்கள் கசிந்துகொண்டிருக்கும். ஆகவே மீன்களை மட்டும் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுங்கள். பெரிய தொட்டியில் மீனே இல்லாமல் 76 நாள் விட்டால், ஒட்டிக்கொள்ள உடலில்லாமல் ஒட்டுண்ணி அழிந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பண்ணையில் செத்த இறாலை நறுக்கிப் போடாதீர்கள். உறைய வைத்தாலும் அந்த வைரஸ் சாவதில்லை. மீன்களின் உடலைச் சுத்தம் செய்யும் கிளீனர் இறால் உங்கள் தொட்டியில் இருந்தால் அதற்கு அது தொற்றக்கூடும். மற்றபடி உப்பளவு பார்க்கப் பண்ணையில் வைத்திருக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் உங்கள் தொட்டிக்கும் அப்படியே பொருந்தும்.

கிளீனர் இறால் என்று கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் பொத்தான் பவளங்கள் பாதி காணவில்லை. இறால் பவளத்தைத் தின்னுமா? – பட்டுக்கோட்டை வாசகி

உங்களிடம் இருப்பது ஒட்டக இறாலாக இருக்க வேண்டும். நானும் ஒருமுறை ஏமாந்தேன். கடைக்காரரும் அறியாமல்தான் கொடுத்தார் என்று இன்று வரை நம்புகிறேன். உண்மையான கிளீனர் இறாலின் முதுகில் இரண்டு சிவப்புப் பட்டைகளும் அவற்றின் நடுவே நேரான ஒரு வெள்ளைக் கோடும் தலை முதல் வால் வரை ஓடும். மீசைகள் வெள்ளை வெளேரென்று இருக்கும். ஒட்டக இறாலின் உடலெங்கும் சிவப்பும் வெள்ளையும் வலைப்பின்னலாகக் கலந்திருக்கும், முதுகு கூனியிருக்கும், கண்கள் பெரியவை. அது பொத்தான் பவளத்தைப் பிய்த்துத் தின்னும். பவளமில்லாத தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

நத்தைகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. துறவி நண்டு காரணமா? – தஞ்சாவூர் வாசகர்

ஆம். வளரும் நண்டுக்குப் பெரிய சங்கு வேண்டும். வெறும் சங்கு இல்லையென்றால் ஆளிருக்கும் சங்கைக் காலி செய்துகொள்ளும். வெவ்வேறு அளவில் பத்துப் பன்னிரண்டு காலிச் சங்குகளைக் கொதிக்க வைத்து உள்ளே போடுங்கள், அல்லது நண்டே வேண்டாம் என்று விடுங்கள். நான் இப்போது நண்டு வைப்பதில்லை.

சித்திரை வெயிலில் நீர் 31 டிகிரிக்குப் போய்விடுகிறது. நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கும் வசதி இல்லை. எந்த மீன் தாங்கும்? – நாகப்பட்டினம் வாசகர்

கோமாளியும் உளுவையும் சில நாள் தாங்கும். பவளமும் அனிமோனும் தாங்கா. நீர்ப்பரப்பின் மேல் சிறிய மின்விசிறியை ஓட விட்டால் ஆவியாதலில் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் உங்கள் கடலோரக் காற்றின் ஈரத்தில் தஞ்சாவூர் அளவுக்குப் பலன் கிடைக்காது. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு அப்படியே நிற்கும். குறைந்ததை உப்புநீரால் நிரப்பாமல் ஆர்.ஓ. நீரால் நிரப்புங்கள்.

வெப்பத்தைவிட மின்வெட்டு அஞ்சத்தக்கது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவு என் மூன்றடித் தொட்டியில் மோட்டார் நின்றது. விடியும்போது பெரிய மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து மூச்சு வாங்கின, இரண்டாம் நாள் மாலைக்குள் நான்கு போய்விட்டன. சின்ன உளுவையும் ஒரு கோமாளியும் பிழைத்தன. நீர் சூடேற ஏற அதில் கரையும் ஆக்சிஜன் குறையும் என்பதால், கோடையில் மின்வெட்டு வந்தால் இந்த அவகாசம் இன்னும் சுருங்கும். நான்கு மீன் விடலாம் என்று தோன்றும் தொட்டியில் மூன்று விடுங்கள். மீன்பிடிப் படகில் நண்டு உயிரோடு கொண்டுவர வைத்திருக்கும் பேட்டரிக் காற்றுப் பம்பைப்போல ஒன்றை ஐப்பசி பிறப்பதற்கு முன்பே வாங்கி, பேட்டரியோடு தொட்டியின் பக்கத்திலேயே வைத்திருங்கள்.