ஐசியு வாசலில் காத்திருப்பவர்களும் மனநலமும்: கேள்வி பதில்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் பொது மருத்துவமனை ஒன்றில் மனநல சமூகப் பணியாளர். டாக்டர் இல்லை, மாத்திரை எழுத மாட்டேன், அளவும் சொல்ல மாட்டேன். மனநோய் வார்டு என் இடமில்லை. எலும்பு, இதயம், விஷம், ஐசியு என்று மற்ற வார்டுகளில் படுத்திருப்பவர்களும், அவர்களுக்குத் துணையாக வராந்தாவில் பாய் விரித்துக் கிடக்கும் அட்டெண்டர்களும்தான் என் வேலை. இது பற்றிய ஆராய்ச்சிகளை விடாமல் படிப்பேன். கேளுங்கள்.

சேலம், மகன்: அப்பாவுக்கு 71 வயசு. இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிஞ்ச ரெண்டாம் நாள் ராத்திரியிலிருந்து செவத்துல பூச்சி ஊருதுங்கறார், ட்யூபைப் பிடுங்குறார். காலைல நல்லாத்தான் பேசுறார். மூளை கலங்கிடுச்சா மேடம்?

இதற்குப் பெயர் டெலிரியம். பைத்தியம் இல்லை. காலையில் தெளிவு, இரவில் குழப்பம் என்று ஏறி இறங்குவதுதான் இதன் அடையாளமே. வார நாட்களைக் கடைசியிலிருந்து முன்னால் சொல்லச் சொல்லிப் பாருங்கள். இரண்டு நாள் சொல்லி நழுவிவிடுவார். கவனம் நிற்காது. வென்டிலேட்டரில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் இதைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.

காரணம் மனதில் இல்லை, உடம்பில் இருக்கிறது: கிருமித் தொற்று, அடைத்த சிறுநீர், பல நாள் மலச்சிக்கல், குறைந்த சோடியம், சொல்லத் தெரியாத வலி, தூக்கத்துக்கென்று கொடுத்த மருந்து. அதனால் இன்றே வார்டு டாக்டரிடம், "அப்பா எப்பவும் இப்படி இல்ல, முந்தாநாள் ராத்திரி ஆரம்பிச்சுது" என்று சொல்லுங்கள். அவரது இயல்பு என்னவென்று டாக்டருக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. 1999-இல் அமெரிக்காவின் யேல் மருத்துவமனையில் 70 வயது தாண்டிய 852 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கண்ணாடியை மாட்டிவிடுவது, காது மெஷினைக் கொடுப்பது, தண்ணீர் குடிக்க வைப்பது, எழுப்பி நடக்க வைப்பது, இரவில் தூங்க விடுவது, இன்று என்ன கிழமை என்று சொல்லிக்கொண்டே இருப்பது, அவ்வளவுதான் செய்தார்கள். வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு வந்த டெலிரியம் இங்கே 9.9 சதவீதமாக இறங்கியது. ஆனால் ஐசியு டெலிரியத்துக்கு வழக்கமாகப் போடும் ஹாலோபெரிடால் என்ற மருந்தை 2018-இல், மருந்தே இல்லாத போலி மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, குழப்பம் நீடித்த நாட்கள் குறையவில்லை. தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் அளவுக்குத் துள்ளினால் டாக்டர் அதைப் போடுவார்; அதற்காக அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று. அப்பா தினமும் குடிப்பவரா? அப்படியென்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அட்மிட் ஆனதும் குடி நின்றுவிடும். இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வலிப்பு, பூச்சி தெரிவது எல்லாம் வரலாம். அதற்கு வைத்தியம் வேறு, கவனிக்காவிட்டால் உயிர் போகும். "எப்பவாவதுதான் சார்" என்று மானத்துக்குப் பயந்து சொல்லும் குடும்பத்தை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

நாகர்கோவில்: அம்மா ஐசியுல அமைதியா படுத்திருக்காங்க. கூப்பிட்டா மெதுவா திரும்புறாங்க, சாப்பாடு வேணாங்கறாங்க. மனசு உடைஞ்சிட்டாங்கபோல. கவுன்சலிங் கொடுக்கலாமா?

மனச்சோர்வாகவும் இருக்கலாம். ஆனால் முந்தாநாள் வரை நன்றாக இருந்து திடீரென்று இப்படி ஆனார் என்றால் இதுவும் டெலிரியமாகவே இருக்கக்கூடும், சத்தமில்லாத வகை. கத்துகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள்; அமைதியாகக் கிடப்பவரை "நல்லாத் தூங்குறாங்க" என்று கடந்து போய்விடுவார்கள். வார நாள் சோதனையைச் செய்துவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். கவுன்சலிங் அப்புறம்.

திண்டுக்கல்: தாத்தா ஆஸ்பத்திரில உளறுறார். செய்வினையா இருக்குமோன்னு வீட்ல சொல்றாங்க.

சேலத்துக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். வேப்பிலை அடிப்பதானால் சிறுநீர்ப் பரிசோதனை முடிந்த பிறகு அடியுங்கள்.

முதுகலை மாணவி, கோவை: மேம், என் ஆய்வுக்கு ஐசியு அட்டெண்டர்கள் 100 பேர்கிட்ட, பதற்றத்தையும் மனச்சோர்வையும் அளக்கற ஹாட்ஸ் படிவம் கொடுத்தேன். 62 பேருக்கு 8-க்கு மேல் வந்திருக்கு. 62 சதவீதம் பேருக்கு பதற்றநோய்னு எழுதலாமா?

எழுதாதீர்கள். இதற்கு நீளமாகவே பதில் சொல்கிறேன்.

ஹாட்ஸ் 1983-இல் வந்தது. உடல்நோய் உள்ளவர்களுக்காக, தூக்கமின்மை, பசியின்மை போன்ற உடல் சார்ந்த கேள்விகளை வேண்டுமென்றே தவிர்த்து எழுதிய 14 கேள்விகள். அதை உருவாக்கியவர்களே 8 முதல் 10 வரை சந்தேகம், 11-உம் அதற்கு மேலும்தான் நோயாக இருக்கக்கூடும் என்று பிரித்தார்கள். இது சல்லடை. சல்லடையில் தங்கியதெல்லாம் கல் ஆகிவிடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 அட்டெண்டர்களில் உண்மையாகவே நோய் உள்ளவர்கள் 15 பேர் என்று வைத்துக்கொள்வோம். படிவம் நோயுள்ளவரில் 80 சதவீதத்தைப் பிடிக்கும், இல்லாதவரில் 80 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும் என்றும் வைத்துக்கொள்வோம். 15-இல் 12 பேர் பிடிபடுவார்கள். மீதி 85-இல் 17 பேர் தவறாக மாட்டுவார்கள். மொத்தம் 29. உண்மையைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! நம் ஊரில் பாதி ஆய்வேடுகள் இந்த 29-ஐத்தான் நோய் என்று எழுதி அட்டை போடுகின்றன.

உங்கள் 62-க்கு அர்த்தமே இல்லை என்று சொல்லவில்லை. உள்ளே மனைவி வென்டிலேட்டரில் இருக்க, வெளியே ஒருவர் பதற்றமில்லாமல் உட்கார்ந்திருந்தால்தான் நான் கவலைப்படுவேன். "62 பேருக்குப் பதற்ற அறிகுறிகள் இருந்தன" என்று எழுதுங்கள், அது உண்மை. நோய் என்று சொல்ல வேண்டுமானால் அவர்களில் ஒரு பகுதியினரையாவது உட்கார வைத்து முறையான நேர்காணல் செய்ய வேண்டும். இல்லையென்றால் மூன்று மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். யாருக்கு அது தங்கிவிட்டது என்பதுதான் கேள்வி.

மேலும் கேட்கிறேன். படிவத்தை அவர்களே படித்தார்களா, நீங்கள் வாசித்தீர்களா? வாசித்தபோது பக்கத்தில் மாமியார் இருந்தாரா? இருந்திருந்தால் அந்த மருமகளின் மதிப்பெண்ணைத் தனியாக எடுத்து வையுங்கள். அடுத்த ஆய்வுக்கு மனச்சோர்வை அளக்கும் பிஹெச்க்யூ-9 படிவத்தை எடுப்பதாக இருந்தால், அதன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அந்த எண்ணம் வருவதாக ஒருவர் டிக் அடித்தால் அதே நாளில் யாரிடம் அனுப்புவீர்கள் என்பதை எழுதி வைத்துவிட்டுத்தான் முதல் படிவத்தைக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குப் போய் எக்செல்லில் ஏற்றும்போது கண்டுபிடிப்பது ஆராய்ச்சி இல்லை.

பெயர் வேண்டாம்: என் அண்ணன் ஐசியுல 19 நாள் இருந்தார். கடைசில வென்டிலேட்டரை எடுத்துடலாம்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன். பணமும் தீர்ந்துபோச்சு. ஏழு மாசமாச்சு. லிஃப்ட் சத்தம் கேட்டாலே கை நடுங்குது. அண்ணி முகத்தைப் பார்க்க முடியல.

2005-இல் பிரான்சில் 21 ஐசியுக்களில் இருந்தவர்களின் உறவினர் 284 பேரை 90 நாள் கழித்துக் கேட்டார்கள். மூன்றில் ஒருவருக்கு, போர் முடிந்து வந்த சிப்பாய்களிடம் பார்க்கும் அதே வகை அதிர்ச்சி அறிகுறிகள். தங்களுக்குச் சரியாக விளக்கவில்லை என்று சொன்னவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு. கடைசி முடிவில் பங்கெடுத்தவர்களில் 81.8 சதவீதம் பேருக்கு. உங்கள் இடத்தில் நின்ற பெரும்பாலானவர்களுக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடந்திருக்கிறது. மருத்துவ உலகம் இதைக் குடும்பத்துக்கு வரும் ஐசியு பின்விளைவு என்று 2012 முதல் தனியாகவே பெயரிட்டுப் பேசுகிறது.

உங்கள் கையெழுத்து அவரைக் கொல்லவில்லை. நோய் கொன்றது. இது ஆறுதலுக்குச் சொல்வது இல்லை. இனி தேறமாட்டார் என்று டாக்டர்கள் சொன்ன பிறகுதான் அந்தத் தாள் உங்கள் முன் வந்திருக்கும். "நீங்கதான் முடிவு பண்ணணும்" என்று தாளை நீட்டிவிட்டு நகர்ந்துகொள்வது தப்பு. "எங்கள் கருத்து இது, சம்மதமா?" என்று மருத்துவர் பொறுப்பைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு கேட்க வேண்டும்.

செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, அந்த ஐசியு டாக்டரை நேரில் பார்க்க நேரம் கேளுங்கள். முடிந்தால் அண்ணியையும் அழைத்துப் போங்கள். கடைசி நாட்களில் என்ன நடந்தது, வேறு வழி இருந்ததா என்று கேளுங்கள். இரண்டு, நடுக்கம் ஏழு மாதமாக நிற்கவில்லை என்பதால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இதற்கென்று சிகிச்சை இருக்கிறது, பலன் தருகிறது. நடுராத்திரியில் தாங்க முடியாவிட்டால் 14416, அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ், தமிழில் பேசுவார்கள். தூக்க மாத்திரையை மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

திருச்சி: பைபாஸ் முடிஞ்ச அப்பா யார்கூடவும் பேசறதில்ல. இது சகஜம்தானே?

முதல் சில வாரம் சகஜம். அதைத் தாண்டினால் விடாதீர்கள். 1993-இல் மாண்ட்ரியலில் மாரடைப்பு வந்த 222 பேரைத் தொடர்ந்து பார்த்தபோது, மனச்சோர்வு இருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் இறப்பது கூடுதலாக இருந்தது. சோர்வுக்குச் சிகிச்சை கொடுத்தால் ஆயுள் கூடுமா என்று 2003-இல் பெரிய ஆய்வு ஒன்று பார்த்தது: சோர்வு குறைந்தது, ஆயுள் கூடவில்லை. சோர்வு குறைந்தாலே லாபம்தானே? இதய டாக்டரிடமே சொல்லுங்கள். நடக்க வையுங்கள்.

ஐசியு நர்ஸ், சென்னை: மேடம், உறவினரைப் பத்தி இவ்வளவு சொல்றீங்க. ஐசியுவுக்குள்ள விட்டா என்ன ஆகும்னு எங்களைக் கேளுங்க. ஒருத்தருக்கு பாஸ் கொடுத்தா ஒம்பது பேர் வர்றாங்க.

சிஸ்டர், பிரேசிலில் 36 ஐசியுக்களில் இதை ஆய்வாகவே செய்து 2019-இல் வெளியிட்டார்கள். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை உறவினரை அனுமதித்தார்கள். டெலிரியம் குறையும் என்று எதிர்பார்த்தார்கள், குறையவில்லை. ஆனால் குடும்பத்தின் பதற்றமும் சோர்வும் குறைந்தன. கிருமித் தொற்று கூடவில்லை. ஊழியர்களின் களைப்பும் கூடவில்லை.

ஐசியு நர்ஸ்: அங்க ஒரு நர்ஸுக்கு எத்தனை பேஷண்ட்? எங்களுக்கு நைட்ல மூணு, சில நாள் நாலு. மானிட்டர் ஒவ்வொரு தடவை கத்தும்போதும் "சிஸ்டர் என்னாச்சு"ன்னா நான் மருந்து போடறதா, பதில் சொல்றதா?

நியாயம். அந்த ஆய்வில் உள்ளே வந்தது ஒருவர் அல்லது இருவர். அவர்களையும் முதலில் உட்கார வைத்து, மெஷின் ஏன் கத்துகிறது, எதைத் தொடக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். கதவை மட்டும் திறந்துவிட்டு பிரேசில் என்று சொல்வது மோசடி.

மதுரை, மகள்: சிஸ்டர் சொல்றது சரி. ஆனா எங்கம்மா உள்ள இருந்த பன்னெண்டு நாளும் தினம் பத்து நிமிஷம்தான் பார்த்தோம். அந்தப் பத்து நிமிஷத்துல டாக்டரும் இருக்க மாட்டார். செக்யூரிட்டி அண்ணன்கிட்டதான் "எப்படி இருக்காங்க"ன்னு கேட்டோம்.

ஐசியு நர்ஸ்: அதுக்கு நாங்க என்ன பண்றது அக்கா? நாங்க ஏதாவது சொன்னா "நீ ஏன் சொன்னே"ன்னு டாக்டர் திட்டுறார்.

இருவரும் ஒரே ஓட்டையைத்தான் காட்டுகிறீர்கள். தினம் ஒரு குறிப்பிட்ட நேரத்தில், சிகிச்சை தருகிற டாக்டரே வந்து, உட்கார்ந்து, ஐந்து நிமிடம். அவருக்குப் பதிலாக வேறு யாரையும் அனுப்பக்கூடாது, என்னையும் சேர்த்து! அமெரிக்காவில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், நீண்ட நாள் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் குடும்பத்தோடு பேச வலிதணிப்புக் குழுவைத் தனியாக அனுப்பினார்கள். பதற்றம் குறையவில்லை, அதிர்ச்சி அறிகுறிகள் கூடின. பிரான்சில் இறந்தவரின் குடும்பத்துக்கு இரங்கல் கடிதம் அனுப்பிப் பார்த்தார்கள். துக்கம் குறையவில்லை, சோர்வு கூடியதாகவே தெரிந்தது. நல்ல எண்ணம் போதாது. அதே பிரான்சில் 2007-இல், சிகிச்சை தந்த குழுவே குடும்பத்தைப் பேசவிட்டு, அதிக நேரம் கேட்டு, கையேடும் கொடுத்தபோது அதிர்ச்சி அறிகுறிகள் 69 சதவீதத்திலிருந்து 45-ஆக இறங்கின.

வேலூர்: குடும்பத்தை உள்ளே விடறது நம்ம ஊருக்குப் புதுசா என்ன? எங்க ஊர் சிஎம்சி ஆஸ்பத்திரியோட பாகாயம் மனநல மையத்துல 1957-லிருந்து குடும்பம் கூடவே தங்குதே.

உண்மை. அதற்கும் முன்பே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் வளாகத்தில் கூடாரம் போட்டு உறவினரைத் தங்க வைத்தார். உலகம் பின்னால்தான் கற்றுக்கொண்டது.

ஐசியு நர்ஸ்: அது மனநல வார்டு. அங்க பெரிய ரத்தக்குழாய்ல போடற ட்யூப், சென்ட்ரல் லைன், கிடையாது.

சிஸ்டருக்கு இந்தச் சுற்று.

ஈரோடு: ஆபரேஷனுக்கு அப்புறம் மாமா ராத்திரில உளறுறார். தூக்க மாத்திரை ஒண்ணு கொடுத்துடலாமா?

கூடாது. சேலத்துக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். குடிப்பாரா? டாக்டரிடம் சொன்னீர்களா?

விழுப்புரம்: விஷம் குடிச்சு அட்மிட் ஆன தங்கச்சி மேல கேஸ் போடுவாங்களா?

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, அவள் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது, தண்டனைக்கு இடமில்லை. மருத்துவமனை போலீஸுக்குத் தகவல் கொடுப்பது நடைமுறை, அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். டிஸ்சார்ஜுக்கு முன் மனநல மருத்துவர் பார்த்தாரா என்று கேளுங்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

தஞ்சாவூர்: காப்பீட்டுத் திட்டத்துல இதெல்லாம் வருமா?

மருத்துவமனையிலேயே காப்பீட்டுத் திட்ட கவுன்டர் இருக்கும். அங்கே கேளுங்கள்.

முதுகலை மாணவி, கோவை: மேம், மூணு மாசம் கழிச்சு ஃபோன் பண்ணிக் கேக்கலாம்னு கைடு ஒத்துக்கிட்டார். எதுல கவனமா இருக்கணும்?

இப்போதே சம்மதம் வாங்குங்கள், எத்திக்ஸ் கமிட்டிக்குத் திருத்தம் எழுதுங்கள். இரண்டு நம்பர் வாங்குங்கள். ஒன்று எப்படியும் அணைந்திருக்கும். அழைப்பதற்கு முன் நோயாளி உயிரோடு இருக்கிறாரா என்று மருத்துவமனைப் பதிவேட்டில் பாருங்கள். வீட்டுக்குப் போன பிறகு இறந்திருந்தால் பதிவேட்டிலும் இருக்காது. அதனால் "பேஷண்ட் எப்படி இருக்காங்க?" என்று ஆரம்பிக்காதீர்கள். "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள், அவர்களே சொல்வார்கள்.